இருமல் இல்லாத பதிப்பு

பாவாயி இறந்த அன்று நான் கொடுக்க வேண்டியிருந்த கடன் இரண்டு லட்சத்து முப்பத்தேழாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். அதில் அந்த நாற்பது ரூபாய் எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு தொகை சொல்லியிருக்கிறார்கள், நிதிக் கம்பெனிக்காரன் கட்டியிருக்கிறான், நான் கைரேகை வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடத் தெரிந்த பிறகும் ரேகைதான் கேட்கிறார்கள்.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிற வேலை எனக்கு. லாரிக்கு டிரைவர் என்று ஒருவர் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. அது தானாகவே வரும், தானாகவே பின்பக்கம் திரும்பி மண்டி வாசலோடு ஒட்டி நிற்கும். மூட்டையை இறக்க மட்டும் இன்னும் ஆள் வேண்டும். எங்கள் முதுகைவிட மலிவான இயந்திரம் இன்னும் வரவில்லை என்று சங்கத்துக் கூட்டத்தில் சொல்வார்கள். அதற்குக் கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியாது.

எழுத்துப் படித்தது நாற்பத்தாறு வயதில். சங்க அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வகுப்பு வைத்தார்கள். எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்குப் படிக்க வரும். வாயை மூடினால் கண்ணும் நின்றுவிடும். அந்த வகுப்பில் எல்லாருமே அப்படித்தான். பத்துப் பேர் சேர்ந்து படித்தால் ஏலம் நடக்கிற மாதிரி இருக்கும்.

நான் முழுசாகப் படித்த புத்தகம் ஒன்றே ஒன்று. 'வாத்துக்காரி வழக்கு' என்று பெயர். சங்கத்து அலமாரியில் இருந்தது. வாத்து மேய்க்கிற ஒருத்தி, தன் வாத்துகள் யாரோ ஒருவருடைய வயலில் இறங்கியதற்காக வந்த வழக்கை வருடக்கணக்காக நடத்துகிற கதை. சிரிப்பான கதை. பாவாயிக்கு எழுத்துத் தெரியாது. அவள் படுத்த படுக்கையாக இருந்த மாதங்களில் நான் அதை அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது நினைவில் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

காரியம் முடிந்த மறுவாரம் நிதிக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து, வாசலில் நின்றபடியே வட்டியைச் சொல்லிவிட்டுப் போனான். பாவாயியின் தம்பி குப்புராஜ் அப்போது வீட்டில் இருந்தான். பவானியில் பேக்கரி வைத்திருப்பவன்.

"மாமா, இதுக்கொரு வழி இருக்குது," என்றான். "நீங்க அந்த வாத்துப் புஸ்தகம் படிச்சீங்கல்ல? அத இரவல்ல உட்டுருங்க."

"புஸ்தகம் சங்கத்துது மாப்ளை. நான் எப்புடி உடறது?"

"புஸ்தகத்த இல்ல மாமா. நீங்க படிச்சத."

'இரவல்' என்பது புத்தகம் படிக்கிறவர்கள் கூடுகிற இணையதளம். ஒரு காலத்தில் அங்கே, இதைப் படியுங்கள், அதைத் தொடாதீர்கள் என்று ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருந்தார்களாம். நட்சத்திரம் போடுவார்களாம். அப்புறம் இயந்திரங்களே லட்சக்கணக்கில் புகழ்ந்தும் திட்டியும் எழுத ஆரம்பித்ததும், யார் சொல்வதையும் யாரும் நம்பாமல் போனார்கள். அந்தச் சமயத்தில்தான் ஒருவருடைய வாசிப்பையே எடுத்து இன்னொருவருக்கு வைக்கிற கருவி வந்தது. படிக்கும்போது எங்கே சிரித்தோம், எங்கே பயந்தோம், எந்த வரியில் மூச்சு நின்றது, எல்லாம் அப்படியே அடுத்தவர் தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நல்ல புத்தகம் என்று சத்தியம் செய்ய வேண்டியதில்லை. நான் படித்ததை வைத்துப் பார் என்று கொடுத்துவிடலாம். ஆறு மாதத் தவணை. தவணை முடிந்தால் எடுத்தவர் தலையை விட்டுத் திரும்பிவிடும்.

"எழுத்துக்கூட்டிப் படிக்கறவங்களுதுக்குத்தான் மாமா அங்க கிராக்கி," என்றான் குப்புராஜ். "மத்தவங்கெல்லாம் ஓடற பஸ்ஸுல இருந்து வேடிக்கை பாக்கறாப்பல படிச்சுட்டுப் போயர்றாங்களாம். நீங்க ஒவ்வொரு எழுத்தா, மூட்டை எறக்கறாப்பல எறக்கி வெக்கறீங்கல்ல? அது அவங்களுக்குப் புடிச்சிருக்குதாம்."

"நக்கல் பண்றியா?"

"அட, சத்தியமா மாமா. வர்ற காசு நேரா கடனுக்கே போயிரும். அந்தக் கம்பெனியும் இந்தக் கம்பெனியும் ஒரே ஆளுங்கதான்."

*

இரவலின் அலுவலகம் பெருந்துறை ரோட்டில் இருந்தது. உள்ளே அவ்வளவு குளிர். நித்யகலா என்று ஒரு பெண், கோபிப் பக்கத்துப் பிள்ளை, என்னை ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தாள். என் சட்டையிலிருந்து மஞ்சள் தூள் அந்த வெள்ளை நாற்காலியில் கொட்டியது. துடைக்கப் போனேன்.

"விடுங்கய்யா, அப்புறம் துடைச்சுக்கலாம்," என்றாள்.

"வலிக்குமாங்க?"

"தூங்கி எந்திரிச்சாப்பல இருக்குமுங்க. அவ்வளவுதான்."

"எடுத்ததுக்கு அப்புறம் கதை எனக்கு ஞாபகம் இருக்குமுங்களா?"

"இருக்காதுங்கய்யா. இது போட்டோ எடுக்கற மாதிரி இல்ல. நாத்துப் புடுங்கி நடற மாதிரி. எடுத்து வெச்சதுல இருந்து நாங்க எத்தன பேருக்கு வேணுமுன்னாலும் குடுப்போம். ஆனா எடுத்த எடத்துல மிஞ்சாது." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அதுல ஒரு சௌகரியம் இருக்குதுங்க. அதே புஸ்தகத்தத் திரும்பப் புதுசாப் படிக்கலாம். துப்பறியற கதை படிக்கறவங்க இதுக்குன்னே வர்றாங்க. கொலைகாரன் யாருன்னு மறந்துட்டு மறுபடி படிக்கறதுக்கு."

"கதை மட்டுந்தானுங்களே போகும்?"

"கதை மட்டுந்தானுங்க."

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அவளிடம் வந்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு, தனியாக, மனசுக்குள் படித்தவர்கள். சத்தமாகப் படித்தீர்களா, பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று கேட்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் படிப்பது என்றாலே சத்தமாகத்தான் என்று எனக்கு நினைப்பு. பஸ்ஸில் புத்தகத்தை விரித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பவர்கள் இன்னும் படிக்கத் தொடங்கவில்லை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

"இன்னொண்ணுங்கய்யா," என்றாள். "கடன் அடையற வரைக்கும் உங்க வாசிப்ப நீங்களே இரவல் எடுக்க முடியாது. அடமானம் வெச்ச நகை மாதிரின்னு வெச்சுக்கங்க."

"நான் எதுக்குங்க எடுக்கறேன்? புஸ்தகந்தான் சங்கத்துல இருக்குதே."

தலையில் ஒரு பட்டை மாட்டினாள். கண்ணை மூடினேன். திறந்தபோது நாற்காலியைத் துடைத்திருந்தார்கள்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை குப்புராஜ் வந்தான். ரொட்டியும் வருக்கியும் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை ஸ்டூல் கிடந்தது. இது எப்போது நம் வீட்டுக்கு வந்தது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவன் அதில் உட்கார்ந்தான்.

"மாமா, கேக்கோணும்னே நெனச்சுட்டிருந்தேன்," என்றான். "நானும் கடையே கதின்னு கெடந்தேனே ஒழிய ஆஸ்பத்திரிக்கு ஒழுக்கமா வரல. அக்கா கடைசியா எதாச்சும் சொல்லுச்சா?"

சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் இல்லை.

மார்கழியில் டாக்டர் ஒரு படத்தை விளக்கில் காட்டி, பாவாயியின் நுரையீரலில் இருப்பதைச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அதற்கு அடுத்து என் நினைவில் இருப்பது, ஆனியில் மின்மயானத்து வாசலில் யாரோ என் கையில் சாம்பலைக் கொடுத்தது. நடுவில் ஒரு லாரி நிற்கிற அளவுக்கு வெறும் இடம். அவளோடு வாழ்ந்த மற்ற வருடங்கள் எல்லாம் இருந்தன. கல்யாணத்தன்று அவள் செருப்புக் கடித்து நொண்டியது, சந்தையில் தக்காளிக்காரனோடு சண்டை போட்டது, எல்லாம். அவள் படுத்திருந்த நாட்கள் மட்டும் இல்லை.

"வெளையாடாதீங்க மாமா," என்றான் குப்புராஜ். ரொட்டிப் பையைக் கட்டினான், அவிழ்த்தான், மறுபடி கட்டினான்.

மறுநாள் மூட்டைக்குப் போகாமல் அலுவலகத்துக்குப் போனேன். நித்யகலா முதலில் நம்பவில்லை. பிறகு பட்டையைத் தானே மாட்டிக்கொண்டு என் வாசிப்பில் கொஞ்சத்தை வைத்துப் பார்த்தாள். கழற்றியபோது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

"நீங்க சத்தமாப் படிச்சீங்களாய்யா?"

"பின்ன எப்புடிங்க படிக்கறது?"

"பக்கத்துல ஒரு அம்மா இருக்கறாங்க. இருமறாங்க. சிரிக்கறாங்க. நீங்க படிக்கறதுக்கு நடுவுல பேசறாங்க." தண்ணீர் குடித்தாள். "மத்தவங்களுக்குக் கதை தனியா இருக்குமுங்க. உங்களுக்குக் கதையும் அவங்களும் ஒரே வேரா ஓடியிருக்குது. கதையப் புடுங்கினப்ப கூடவே வந்துட்டாங்க."

"திருப்பி வெச்சிருங்க சாமி."

"இது பலபேருகிட்டப் போயிருச்சுங்க. எடுத்தத எடுத்த எடத்துலயே திருப்பி ஊனற கருவி இன்னும் யாருகிட்டயும் இல்லீங்கய்யா." அவள் குரல் தணிந்தது. "ஒண்ணு பண்ணலாம். கடன் அடஞ்சுருச்சுன்னா, மத்த வாசகருங்க மாதிரி நீங்களும் இரவல் எடுத்துக்கலாம். தவணைக்குத் தவணை புதுப்பிச்சுக்கலாம். உங்களுதுன்னு தோணாது. ஆனா அம்மா அதுல இருப்பாங்க."

"கடன் எப்ப அடையுமுங்க?"

திரையைப் பார்த்தாள். "இந்த வேகத்துல போனா ஆறேழு வருசம் ஆகுமுங்க."

எழுந்தபோது அவள் தன்னை அறியாமல், "நல்லாச் சிரிக்கறாங்கய்யா," என்றாள். சொல்லிவிட்டு மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். எனக்கு அந்தச் சிரிப்பு தெரியாது. நல்லா இருந்தபோது சிரித்தது தெரியும். நோயில் கிடந்துகொண்டு ஒருத்தி எப்படிச் சிரிப்பாள் என்று தெரியாது.

*

அதற்கப்புறம் மண்டியில் லோடு இல்லாத நேரமெல்லாம் செல்போனை எடுத்து இரவலைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. என் வாசிப்புக்குக் கீழே 'எழுத்துக்கூட்டிப் படித்தது' என்று ஒரு முத்திரை போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே அதை எடுத்தவர்கள் கருத்துச் சொல்லியிருந்தார்கள். நான் விரல் வைத்துப் படிக்கப் படிக்க, பக்கத்தில் பீடி குடித்துக்கொண்டிருந்தவர்கள் கேட்பார்கள்.

"முதல் அத்தியாயம் கொஞ்சம் இழுவை. ஆனா வாத்து தாசில்தார் ஜீப்புல ஏறுற இடத்துல ஒரு அம்மா சிரிக்குது பாருங்க. ப்பா! கண்டிப்பா எடுங்க மக்களே."

"கோர்ட் சீன் முழுக்க இருமல். தாங்கல. மூணு நட்சத்திரம்தான்."

"எனக்கு இருமல்தான் பிடிச்சது. இதைப் பிடிச்சவங்க, ஒரு சலவைக்காரர் படிச்ச பேய்க்கதை ஒண்ணு இருக்கு, அதையும் எடுத்துப் பாருங்க. தெருநாய் குரைக்கும்போது அவர் நிறுத்துவார். வேற லெவல்."

"வாத்துக் கதையில மஞ்சள் வாசம் ஏன்? ஆசிரியர் கவனிக்க வேண்டாமா?"

"அந்த அம்மா யாரு? மூலக்கதையில தேடிட்டேன், அப்படி ஒரு பாத்திரமே இல்லையே."

இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் பதில் எழுதினேன். எழுதவே ஒரு லோடு நேரம் ஆனது. 'அந்த அம்மா என் சம்சாரம். பெயர் பாவாயி. ஆனி மாதம் இறந்துவிட்டாள். அவள் என்ன பேசினாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. யாராவது சொல்லுங்கள்.' கீழே என் போன் நம்பரையும் போட்டேன்.

நாலைந்து பதில் உடனே வந்தது.

"சார், கதையை உடைக்காதீங்க. இன்னும் எடுக்காதவங்க இருக்காங்க."

"அவங்க இறந்துடுவாங்கன்னு இப்படிப் பொதுவுல போட்டுட்டீங்களே. படிக்கிற சுவாரசியமே போச்சு."

"நல்ல விளம்பர உத்தி. வாழ்த்துகள்."

சாயங்காலம் பார்த்தபோது நான் எழுதியதை மூடி வைத்திருந்தார்கள். முக்கியத் திருப்பத்தை வெளிப்படுத்துவதால் மறைக்கப்பட்டது என்று மேலே இருந்தது. பக்கத்தில் படுத்திருந்த ஆறுமுகம், என்னோடு மூட்டை தூக்குகிறவன், "என்ன மாமோவ், உன்ற பொண்டாட்டி சாவு திருப்பமாமா?" என்றான். திட்டத்தான் சொன்னான், அவர்களை. ஆனாலும் எனக்கு அங்கே உட்கார முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு போன் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. மெர்சி ஃப்ளோரா என்று பெயர் சொன்னாள். பாளையங்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாளாம். என் வாசிப்பை எடுத்த முதல் ஆட்களில் ஒருத்தி.

"அண்ணாச்சி, நீங்க எழுதினத மூடுததுக்கு முன்னாடி நான் பாத்துட்டேன். கேக்கதுக்கே சங்கடமா இருக்கு. பாவாயி செத்துப் போனாளா?"

"ஆமாங்க."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. என் மனைவிக்காக முன்பின் தெரியாத ஒருத்தி அழுகிறாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. எதை நினைத்து அழுவது?

"தப்பா நெனைக்காதீங்க," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எனக்கு அவ என் பக்கத்துல படுத்துக் கெடந்த மாதிரியே இருக்கு. சிரிக்கையில என் முட்டியத் தட்டுவா. உங்க முட்டியத்தான். ஆனா எனக்கு என் முட்டிதான் ஞாபகம் வருது. சமயத்துல படியேறும்போது தொட்டுப் பாத்துக்கிடுதேன்."

"அவ என்ன பேசுவா? சொல்லுங்கம்மா."

"எல்லாம் வாத்தப் பத்தித்தான். 'அந்த வக்கீலு மூஞ்சியப் பாருங்க, சாணிய மிதிச்சவனாட்டம்'ம்பா. வக்கீலு மூஞ்சி எப்படின்னு புஸ்தகத்துல கெடையவே கெடையாது, அவளாச் சொல்லுதா." மெர்சி அழுதுகொண்டே சிரித்தாள். "ஒரு நாளு நீங்க படிச்சுட்டு இருக்கையிலேயே நிறுத்திட்டு அழுதிய. டாக்டரு என்னமோ சொல்லிட்டுப் போயிருக்காரு. அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? 'வாத்து என்னாச்சுன்னு சொல்லிப்போட்டு அழுவுங்க'ன்னா. பாத்தியளா, உங்க ஊர்ப் பேச்சு என் வாயில வருது."

நான் மண்டிச் சுவரில் சாய்ந்துகொண்டேன். அது பாவாயிதான். சந்தேகமே இல்லை. அவள் தவிர வேறு யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

"கடைசியா எதாச்சும் சொன்னாளாம்மா?"



"கடைசி அத்தியாயத்துல அவ சத்தம் இல்ல அண்ணாச்சி. நீங்க மட்டும் படிக்கிய. சத்தமாப் படிக்கிய, ஆனா பக்கத்துல இருமல் இல்ல. இங்க எல்லாரும் அந்த அத்தியாயந்தான் நல்லா இருக்கு, தொந்தரவே இல்லன்னு எழுதுதாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? அதுக்கு முந்தின அத்தியாயத்துல, பக்கம் முடியுத எடத்துல, உங்க கையப் புடிச்சு ஒண்ணு சொல்லுதா."

"என்னம்மா?"

"அது வேண்டாம் அண்ணாச்சி. நான் சொன்னா அது என் வார்த்த ஆயிரும். அவ உங்களுக்குன்னு சொன்னது. கடன் அடையட்டும், நீங்களே வாங்கி அவ வாயாலேயே கேளுங்க. நான் பத்திரமா வெச்சிருக்கேன். அதுவரைக்கும் மத்ததெல்லாம் நான் சொல்லுதேன்."

சரி என்று எனக்கும் பட்டது. அவள் சொன்னதில் ஒரு மரியாதை இருந்தது. பாவாயியின் வார்த்தையை இன்னொருத்தியின் குரலில் கேட்டுவிட்டால், பிறகு அதுதானே எனக்கு நிற்கும். பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பொறுப்பது எங்களுக்குப் பழக்கம்தான்.

வாரம் ஒருமுறை போன் செய்வாள். ஒரு நாள் ஆரஞ்சுப்பழம் உரித்ததைச் சொன்னாள். இன்னொரு நாள் பாவாயி நர்ஸிடம் வாத்துக்காரி ஜெயிப்பாளா தோற்பாளா என்று பந்தயம் கட்டியதைச் சொன்னாள். கேட்கும்போது நானும் அங்கே இருந்தேன் என்பது ஊர்க்கதை போலத்தான் இருந்தது.

*

புரட்டாசியில் நித்யகலா கூப்பிட்டு அனுப்பினாள்.

"உங்க வாசிப்பப் பத்தி நெறையப் புகார் வந்திருக்குதுங்கய்யா. இருமல், நடுவுல பேச்சு, ஆஸ்பத்திரி வாசம். ஆனா நீங்க படிக்கற விதம் எல்லாருக்கும் புடிச்சிருக்குது. அதனால சென்னையில சுத்தப் பதிப்புன்னு ஒண்ணு தயார் பண்ணலாமான்னு கேக்கறாங்க. கதையும் நீங்களும் மட்டும். இருமல் இருக்காது."

"பாவாயி?"

"அவங்களும் இருக்க மாட்டாங்க. ஆனா சுத்தப் பதிப்பு ரொம்பப் போகுமுங்க. உங்க கடன் தை மாசத்துக்குள்ள அடஞ்சுரும். இல்லீன்னா அந்த ஆறேழு வருசம்." அவள் என்னை நேராகப் பார்த்தாள். "உங்க சம்மதம் வேணுமுன்னு இருக்குது. வேண்டாம்னாலும் சொல்லலாம்."

"பழசும் இருக்குமுங்களா?"

"இருக்கோணுமுங்க. ரெண்டையும் வெச்சிருப்பாங்கன்னுதான் நெனைக்கறேன்."

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. இடுப்புக்குக் கீழே இடது கால் சமயத்தில் மரத்துப் போகிறது. ஆறேழு வருடம் மூட்டை தூக்கிக்கொண்டு இருப்பேனா என்று எனக்கே தெரியாது. தை என்றால் நாலு மாதம். நாலே மாதத்தில் பாவாயி என் கையைப் பிடித்துச் சொன்னதைக் கேட்டுவிடலாம். ரேகை வைத்தேன்.

சுத்தப் பதிப்பு வந்ததும் இரவலில் அதைப் பற்றியே பேச்சு. ஒருவர் சொல்லி இன்னொருவர், அவர் சொல்லி வேறொருவர் என்று எடுத்தார்கள். "இப்பத்தான் கதை கதையா இருக்கு." "பழசை எடுத்து ஏமாந்தவங்க இதை எடுங்க, சுகமா இருக்கு." "எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்னா இவர்தான். அஞ்சு நட்சத்திரம்." நான் அவற்றைச் சத்தமாகப் படித்தால் ஆறுமுகம் முறைப்பான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கடன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. திட்டினவர்கள் புண்ணியத்தில்தான் பாவாயி சீக்கிரம் வரப்போகிறாள் என்று நான் சமாதானம் செய்துகொண்டேன்.

*

தைப்பொங்கல் முடிந்து மண்டியில் புது மஞ்சள் வரத் தொடங்கிய சமயம் செய்தி வந்தது. கடன் முழுவதும் அடைந்தது. அன்று இரண்டு லாரி நின்றுகொண்டிருந்தது. மேஸ்திரி, "இந்த நேரத்துல எங்கய்யா போற?" என்று கத்தினார். கொக்கியை ஆறுமுகத்திடம் கொடுத்துவிட்டு நடந்தேன்.

நித்யகலாவுக்கும் சந்தோஷம்தான். நாற்காலியில் அவளே துண்டு விரித்தாள். "மொத்தக் கதையும் வரும்யா. அவசரப்படாதீங்க," என்றாள். பட்டையை மாட்டினாள்.

கதை வந்தது. வயல் வந்தது, வாத்துகள் வந்தன. தாசில்தார் ஜீப்பில் வாத்து ஏறியது. எழுத்தெழுத்தாக யாரோ படிக்கிற மாதிரி, அது நான்தான், ஒவ்வொரு வார்த்தையும் கனத்துடன் இறங்கியது. ஜீப்பில் வாத்து ஏறியதும் எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு முட்டியில் ஒரு தட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. கோர்ட்டு வந்தது, வக்கீல் வந்தான், அவன் மூஞ்சி எப்படி இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு இருமல்கூட இல்லை. ஆஸ்பத்திரியே இல்லை. கடைசிக்கு முந்தின அத்தியாயம் முடிகிற பக்கத்தில் என் கை சும்மா இருந்தது.

கண்ணைத் திறந்தேன்.

"வந்தாங்களாய்யா?" என்றாள்.

"வாத்து வந்துச்சுங்க."

அவள் திரையில் எங்கெங்கோ தேடினாள். யாருக்கோ போன் செய்தாள். ஆங்கிலத்தில் பேசினாள், பிறகு தமிழில் கெஞ்சினாள், பிறகு கேட்டுக்கொண்டே நின்றாள்.

"பழச எடுத்துட்டாங்களாமுங்க," என்றாள் போனை வைத்துவிட்டு. "மதிப்பெண் கொறஞ்ச பதிப்ப வெச்சுக்கறதில்லையாம். புதுசு வந்தா அதுமேலயே போட்டுருவாங்களாம். பழச வெச்சிருந்தவங்களும் புதுசுக்கு மாத்திக்கிட்டாங்களாமுங்க. எனக்குத் தெரியாதுங்கய்யா. சத்தியமாத் தெரியாது."

நான் மெர்சிக்குப் போன் போட்டேன். கொஞ்ச நாளாக அவளிடமிருந்து போன் வராமல்தான் இருந்தது. என் பெயரைக் கேட்டதும், "அண்ணாச்சி," என்றாள்.

"அம்மா, அவ சொன்னத நீங்களே சொல்லிருங்கம்மா. உங்க வாயாலேயே இருக்கட்டும்."

"எனக்குத் தவண முடிஞ்சு போச்சு அண்ணாச்சி. உங்க கடனுக்கு ஆகுமேன்னு அன்னைக்கே பணத்தக் கட்டிப் புதுப்பிச்சேன். வந்தது வேற. நாலஞ்சு தடவ உங்களுக்குப் போன எடுத்துட்டு வெச்சுட்டேன்." அவள் குரல் வறண்டு இருந்தது. "நான் ஒண்ண சொல்லாம வெச்சிருந்தேன்னு நெனப்பு இருக்கு. உங்ககிட்ட என்னெல்லாம் சொன்னேன்னும் நெனப்பு இருக்கு. வெச்சிருந்தது என்னன்னு இல்ல. அழுககூட வரமாட்டேங்குது. அவ மொகம் எப்படி இருக்கும் அண்ணாச்சி?"

எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொன்னேன். சந்தையில் தக்காளிக்காரனிடம் சண்டை போட்டபோது இருந்த முகத்தைச் சொன்னேன். அவள் யாரோ ஒருத்தியைப் பற்றிக் கேட்பது போல உம் கொட்டினாள்.

போனை வைத்துவிட்டு எழுந்தேன். மண்டியில் லாரி நிற்கும். மேஸ்திரி கத்துவார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது நித்யகலாவின் மேசையில் ஏதோ மணி அடித்தது.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்லீங்க. இப்ப இரவல் எடுத்தீங்கல்ல, அதுக்குக் கட்டணம். தொண்ணூறு ரூபா காட்டுது."

பையைத் தடவினேன். வேலை பாதியில் வந்ததால் கூலி வாங்கியிருக்கவில்லை. "சாயங்காலம் கொண்டாந்து குடுத்தர்றனுங்க," என்றேன்.

"வேண்டாமுங்கய்யா." அவள் என்னைப் பார்க்காமல் திரையில் எதையோ அழுத்தினாள். "தள்ளுபடி போட்டுட்டேன். நீங்க போங்க. உங்க பேருல இப்ப ஒண்ணுமே இல்லீங்க."